நெல்லைத் தாள்கள் – 9: மார்ச் 13 எங்கே கிடைக்கும்?

1908 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் கலெக்டர் விஞ்ச் முந்தின நாளே கைது செய்திருந்தார். செய்தி பரவியதும் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் போலீஸ் ஸ்டேஷனும் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்துப்போனார்கள்.

மறுநாள் ஊர்ப் பேப்பரில் என்ன வந்தது என்று பார்க்க யாருக்கும் ஆசை வரும். அன்றைக்குத் தமிழ் நாளிதழ் என்றால் சென்னையிலிருந்து ரயிலில் வந்த சுதேசமித்திரன்தான். பாளையங்கோட்டையில் 1849 முதல் நற்போதகம் இருந்தது; ஆனால் அது திருச்சபையின் மாத இதழ். நெல்லையில் நடந்தது தந்தியாகவும் நிருபர் கடிதமாகவும் சென்னைக்குப் போய், சுதேசமித்திரனிலும் இந்துவிலும் பாரதியின் ‘இந்தியா’ வார இதழிலும் அச்சேறியது. ஆகவே நெல்லைச் செய்தியைத் தேடுகிறவர் முதலில் நெல்லையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சுதேசமித்திரன் இதழ்களுக்கு நுண்படச் சுருள்தான் கதி. ‘இந்தியா’வின் இதழ்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. இதழே கைக்குக் கிடைக்காதபோது கைகொடுப்பது எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள சுதேசப் பத்திரிகை அறிக்கைகள். பத்திரிகைகளைக் கண்காணிக்க, சென்னை அரசு வாராவாரம் அவற்றைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கி, ரகசியமாகச் சுற்றுக்கு விட்டது. பக்கத்தின் ஓரத்தில் பத்திரிகையின் பெயர், ஊர், தேதி. எதிரே செய்தியின் சாரம், சில இடங்களில் முழு மொழிபெயர்ப்பு. மூல இதழ் அழிந்துபோன கட்டுரைகள் இந்த ஓரக் குறிப்பின் துணையால்தான் இன்று நமக்குத் தெரிகின்றன.

ஆனால் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அரசு அஞ்சியதைத்தான் மொழிபெயர்ப்பாளர் எடுத்தெழுதினார். மழை, அரிசி விலை, கோயில் கொடை எல்லாம் அவருக்கு வேண்டாதவை. எழுதியவரின் தமிழும் அங்கே இல்லை.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். பத்திரிகைகளையும் அரசு ஆவணங்களையும் சேர்த்துப் படித்து எழுதப்பட்ட நூல் அது. அரசுக் கோப்பு ‘கலகம்’ என்று முடித்துவிட்டதை அவர் எழுச்சியாகப் படிக்கிறார். தலைவர்களின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன சாதாரண ஜனங்கள் வெளிச்சத்துக்கு வருகிறார்கள். 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது நெல்லைக்கும் சேர்த்துக் கிடைத்த மரியாதை.

தேடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ‘இந்தியா’ சனிக்கிழமை இதழ். வெள்ளியன்று நடந்ததை மறுநாள் இதழோடு நிறுத்தாமல் 21, 28-ஆம் தேதி இதழ்களிலும் பாருங்கள். அரசின் அறிக்கையில் அது இன்னும் பிந்தியே வரும். தமிழ்த் தேதி மட்டும் கிடைத்தால் அந்த மார்ச் பிலவங்க வருஷம், ஏப்ரல் நடுவிலிருந்து கீலக. ஆங்கில அட்டவணைகளில் ஊர்கள் டின்னவெல்லி, பாளம்கோட்டா, டூட்டிகோரின் என்றுதான் இருக்கும். மாவட்ட எல்லையும் ஆளை ஏமாற்றும். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை சிவகாசி திருநெல்வேலிச் சீமைதான். 1899 சிவகாசிக் கலவரத்தை விருதுநகர்க் கோப்புகளில் தேடிப் பயனில்லை. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் பிரிந்தன.

பிந்தைய காலத்துக்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் 1956-இல் வந்த திருத்தமும் பத்திரிகைகள் அங்கே ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்கின்றன. ரோஜா முத்தையா நூலகத்தையும் மறக்க வேண்டாம். 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957-இல் நெல்லைக்கு வந்தது. ஊர்ச் செய்தி ஊரிலேயே அச்சாகத் தொடங்கியது. என் கவலையும் இங்கேதான். சென்னைப் பதிப்பைச் சேர்த்து வைத்த நூலகத்தில் நெல்லைப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கம் இருக்காது. 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததும், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் ஆற்றோரம் மாண்டதும் அந்தப் பக்கங்களில்தான் தெருப் பெயரோடும் ஆள் பெயரோடும் வந்திருக்கும்.

அந்த நாள் பேப்பர்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். மடிப்பைப் பிரித்து, பத்திரிகையின் பெயரும் பதிப்பும் தேதியும் தெரிய முழுப் பக்கத்தையும் படமெடுங்கள். துண்டாக வெட்டி வைத்திருந்தால் அந்த மூன்றையும் பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். ஒரு நகலை மாவட்ட மைய நூலகத்திலோ பக்கத்துக் கல்லூரியிலோ கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)