கண்புரை அறுவைக்கு வீட்டார் செய்யும் ஆயத்தம்



தங்கா பத்து வட்டாரத்திலும் மலாக்காவின் மற்றத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போனவர்கள், இன்று எழுபதைத் தாண்டிய தாத்தா பாட்டிகளாக நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வந்திருப்பது கண்புரை. 2014-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தேசியக் கண் ஆய்வு ஒன்று நடந்தது. பார்வையிழந்தோரில் பாதிப் பேருக்கும் மேல் கண்புரையால்தான் பார்வையை இழந்திருந்தார்கள் என்று அது கண்டது. அறுவை செய்து சரிப்படுத்தக்கூடிய கோளாறு இது. பெரிய மருத்துவமனைகளில் அதற்கு வசதியும் உண்டு. அப்படியிருந்தும் தேதி கொடுத்த பிறகு போகாமல் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தாயாரும் அப்படி நின்றவர்தாம்.

தேநீரைக் குவளைக்கு வெளியே ஊற்றினார். வாசற்படியைக் காலால் துழாவி இறங்கினார். எதிரே கார் வந்தால் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றார். மருத்துவர் பார்த்துத் தேதி கொடுத்தார். தேதி நெருங்கியதும், "தெரியிற வரைக்கும் தெரியட்டும். எனக்காக நீங்க லீவு போட வேணாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை வேற வருது" என்றார். உண்மையைச் சொல்கிறோம், அந்தச் சொல் எங்களுக்கு வசதியாக இருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுத் தேதியை ஒத்திப்போட்டோம். அடுத்த முறை வர மாதங்கள் ஆயின. அதற்குள் அவர் குளியலறையில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

கட்டுப்போட்ட கையோடு அவர் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில்தான், என்ன பயம் என்று பக்கத்தில் அமர்ந்து கேட்டோம். அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். எங்கள் பாட்டிக்கு அந்தக் காலத்தில் கண் அறுவை நடந்ததாம். இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாதபடி இருபுறமும் மணல் மூட்டை வைத்து, நாள் கணக்கில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்களாம். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் எங்கள் தாயார். வீடு திரும்பிய பாட்டிக்குச் சோடாப் புட்டிக் கண்ணாடி. அது உடைந்த அன்று மறுபடியும் குருடு. இது போதாதென்று, கண்ணை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துக் கழுவித் திருப்பி வைப்பார்கள் என்று லயத்தில் யாரோ சொன்ன கதையையும் அவர் நாற்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தார்.

நேயர்களே, பாட்டி பட்டதெல்லாம் பொய்யல்ல. அன்று கருவிழியின் ஓரத்தைப் பெரிதாகக் கீறி, புரை விழுந்த வில்லையை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறொன்றும் வைக்கமாட்டார்கள். அதனால்தான் அவ்வளவு தடித்த கண்ணாடி. எடுத்த வில்லைக்குப் பதில் செயற்கை வில்லையை வைக்கும் வழியை, 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலில் செய்து பார்த்தார். அது உலகெங்கும் பரவப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே கீறி, புரையை ஒலியதிர்வினால் உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த வில்லையை உள்ளே விரித்துவிடுகிறார்கள். கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். இதைப் படம் வரைந்து, எங்கள் பள்ளி மாணவனுக்குச் சொல்வதுபோல் சொன்னோம். "அப்போ தட்டுல வைக்கமாட்டாங்களா?" என்று மூன்று முறை கேட்டார்.

வீட்டாரின் துணை இல்லாவிட்டால் இலவச சிகிச்சையும் எட்டாது என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்று உண்டு. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் ஆட்கள் கிராமம் கிராமமாக இலவச முகாம் நடத்தினார்கள். ஆனால் அங்கே கண் கோளாறு உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தாம் முகாமுக்கு வந்தார்கள் என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வராதவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள்: பயம், செலவு, குடும்பப் பொறுப்பு, வயதாகிவிட்டது இனி எதற்கு, மங்கலாகத் தெரிந்தாலும் சமாளிக்கலாம். எங்கள் தாயார் சொன்ன அதே சொற்கள்! அவர் மதுரையைப் பார்த்ததே இல்லை.

ஆகவே முதல் ஆயத்தம் பேச்சுத்தான். அதை யார் பேசுவது என்பதும் முக்கியம். மருத்துவர் மலாயில் விளக்குவார், சம்மதப் பத்திரமும் மலாயில் இருக்கும். எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதுப் பேரனை மொழிபெயர்க்க விட்டோம். மிக அரிதாகப் பார்வை பாதிக்கப்படலாம் என்று மருத்துவர் சொன்னதை, "கண்ணு போயிடுமாம் பாட்டி" என்று முடித்துவிட்டான். பிள்ளைமேல் குற்றமில்லை, பெரியவர்கள் யாராவது போயிருக்க வேண்டும். இரண்டாம் முறை நாங்களே போனோம். ஆபத்து எவ்வளவு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னோம். கேட்ட பிறகு அவரே சரி என்றார். அந்தச் "சரி" அவருடையதாகவே இருக்க வேண்டும். மகனும் மருமகளும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனால், மேசையில் படுத்த பிறகு பயம் திரும்பி வரும்.

அடுத்தது மருந்துப் பை. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, இவற்றை நாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. சிறுநீர் தடையின்றிப் போக வயதான ஆண்கள் சாப்பிடும் டம்சுலோசின் என்ற மாத்திரை ஒன்றுண்டு. அது கண்ணின் கருவளையத்தைத் தளரச் செய்து அறுவையைச் சிரமமாக்கும் என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாகிவிடுவார். தாத்தாமார்கள் வெட்கப்பட்டு இதைச் சொல்வதில்லை, பேரப்பிள்ளைகள்தாம் பையில் போட வேண்டும்.

மூன்றாவது ஓர் ஒத்திகை. இந்த அறுவையைப் பெரும்பாலும் மயக்கமருந்து இல்லாமல், கண்ணை மட்டும் மரக்கச் செய்து செய்கிறார்கள். முகத்தின்மேல் துணி போர்த்தியிருக்கும், அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். தோட்டத்தில் ஓடியாடியவர்களுக்கு இது எளிதல்ல. எங்கள் தாயாரை ஒரு வாரம் மாலைதோறும் கூடத்துப் பாயில் படுக்கவைத்து, மெல்லிய துணியை முகத்தில் போர்த்தி, இருபது நிமிடம் பக்கத்திலிருந்தோம். முதல் நாள் நான்கு நிமிடத்தில் துணியை இழுத்துப் போட்டுவிட்டார். நான்காம் நாள் தூங்கியே போனார்! இப்படிப் படுக்கும்போது இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அதை முன்னரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் ஒத்திகையில்தான் தெரியும். அறுவையின்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நோயாளியின் பதற்றம் குறைகிறது என்று 2001-இல் வெளிவந்த ஒரு கொரிய ஆய்வு கண்டது. அறுவை அறைக்குள் நம்மை விடமாட்டார்கள். ஆனால் கதவு வரையில் பிடித்த கை நம்முடையதாக இருக்கலாம்.

முதல் நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும், பிறகு சில நாள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. அன்று மையோ, முகப் பவுடரோ, திருநீறோ வேண்டாம். நெற்றித் திருநீறு உதிர்ந்தால் கண்ணில்தான் விழும். சாமிக்கு இது தெரியும், பாட்டிக்குத்தான் நாம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பசியாறலாமா, இனிப்பு நீர் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்பதை மருத்துவமனையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்க வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணில் விடக்கூடாது.

வீடு திரும்பிய பிறகு கண் வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். யார் அழைத்துப் போவது, யாருடைய வண்டி என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து பல வாரம் நடக்கும். எங்கள் தாயாருக்கு இரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் கழித்து மற்றது. புட்டிமேல் இருந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாதது. ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் வெள்ளை நூலும் கட்டினோம். காலையில் மகன், பள்ளி விட்டதும் பேரன், இரவில் மருமகள் என்று முறை வைத்து, விட்டவர் நாட்காட்டியில் கோடு போட்டார்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு மத்தியானம் கோடு விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் தாயார்தான். ஐந்தடி தள்ளி நாற்காலியில் அமர்ந்திருந்தார்.