திறப்பு விழாவுக்குப் பிறகு யார் பொறுப்பு?

வெளிநாட்டு உதவி சுருங்கிவரும் காலத்தில், இருநூறு வருட அனுபவம் உள்ள யாழ்ப்பாணத்து வடமராட்சி சொல்லும் பாடம்

நெல்லியடிச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிறிது தூரத்தில் ஒரு பாடசாலை வந்துவிடும். கரவெட்டி, உடுப்பிட்டி, பருத்தித்துறை என்று வடமராட்சியின் பெயர்பெற்ற பள்ளிக்கூடங்கள் பலவும் சைக்கிள் தூரத்தில்தான் இருக்கின்றன. இந்தப் பகுதிக் கல்விக்கு முதலில் மிசன் பணம் வந்தது. பிறகு அரசாங்கப் பணம், அதன் பின்னர் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, யுனிசெப். இப்போது லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பழைய மாணவர்களின் பணம். இவற்றில் எது நிலைத்தது, எது கரைந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஏனென்றால் கொடுக்கும் கைகள் மடங்கத் தொடங்கிவிட்டன. செல்வந்த நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970 இல் ஐ.நா. பொதுச்சபை இலக்கு வைத்தது. பிரித்தானியா 2021 இல் அதை 0.5 ஆகக் குறைத்தது. 2027 இல் 0.3 ஆக இறக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் 2025 யூலை முதலாம் திகதியோடு தன் பணியை நிறுத்தியது.

பொஸ்ரனில் எடுத்த முடிவு

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல. 1816 இல் வந்த அமெரிக்க மிசன் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தது. 1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தபோது, மிசனின் காசு குறைந்து இங்கே பல பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. எங்கோ நடந்த நட்டத்துக்கு எங்கள் சிறுவர்கள் தண்டம் கட்டினார்கள்.

அதைவிடப் பெரிய அடி 1855 இல் விழுந்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் கற்பித்த உயர்கல்விக் கூடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் பணம் கொடுத்த பொஸ்ரன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன், மிசன் பணம் சமயப் பணிக்கே போக வேண்டும், ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குத்தான் போகிறார்கள் என்று கருதினார். அவர் வந்து பார்த்துப்போன அதே வருடம் செமினரி மூடப்பட்டது. படிக்கிற பிள்ளைக்கு என்ன தேவை என்பதைவிடக் கொடுக்கிறவரின் நோக்கமே அங்கே மேலோங்கி நின்றது.

ஊர் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி, பணம் திரட்டி, 1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அமெரிக்க உதவி அப்போதும் இருந்தது. ஆனால் கல்லூரி வேண்டும் என்ற முடிவு இங்கே எடுக்கப்பட்டது. அது இன்றும் நடக்கிறது.

கட்டடத்துக்குக் கிடைக்கும், சம்பளத்துக்குக் கிடைக்காது

1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பிறகு, பாடசாலைச் செலவின் பெரும்பங்கு வரிப்பணமாயிற்று. பின்னர் போர் வந்தது. 1987 யூலை 5 இல், இராணுவ முகாமாக்கப்பட்டிருந்த நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தின் மீது விடுதலைப் புலிகள் வெடிமருந்து லொறியை மோதினார்கள். பாடசாலையை முகாமாக்கியதற்கும் அந்த முகாமைத் தாக்கியதற்கும் சேர்த்து விலை கொடுத்தது படிப்புத்தான். போரும் 2004 ஆழிப்பேரலையும் வடமராட்சியில் அழித்த கட்டடங்களை எழுப்ப வெளிநாட்டுப் பணம் உதவியது. அந்த நன்றியை மறக்கலாகாது.

ஆனால் உதவித் திட்டங்களுக்குக் கட்டடமும் கருவியும் பிடிக்கும். மாதச் சம்பளம் பிடிக்காது. கட்டடத்தைப் படம் எடுத்து அறிக்கையில் போடலாம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பத்து வருடம் ஒரே பாடசாலையில் நின்றதை எப்படிப் படம் எடுப்பது?

திட்டம் முடிந்த பிறகு ஒரு கணினி அறை எப்படி இருக்கும் என்று வடக்கின் அதிபர்களுக்குத் தெரியும். கணினிகளுக்குத் துணி உறை போட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் பொருட்பதிவேட்டு இலக்கம் வெள்ளை மையில் எழுதியிருக்கும். பழுதானவற்றை எறியவும் முடியாது. கணக்காய்வுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும். திருத்தக் காசு இல்லை, மின்கட்டணம் ஏறுகிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விட்டார். ஒரு திட்டத்தின் ஆயுள் மூன்று முதல் ஆறு வருடம். பிள்ளையோ தரம் ஒன்றிலிருந்து உயர்தரம் வரை பதின்மூன்று வருடம் படிக்கிறது.

உதவி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கடன் என்பதும் நினைவிருக்க வேண்டும். பொதுக்கல்விக்காக உலக வங்கி 2011 இலும் 2018 இலும் இலங்கைக்குத் தலா 100 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோதும், உலக வங்கிக் கடனும் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனும் கட்டப்பட்டே வந்தன. இந்தக் கடனை நாளை அடைக்கப்போவது இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான். கடனை எதற்குச் செலவழிப்பது என்பதோ கொழும்பில், மத்திய அமைச்சும் வங்கியும் பேசி முடிக்கிற விடயம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தப்படி பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. ஆனாலும் வலயக் கல்வி அலுவலகத்துக்குத் திட்டம் வருவது சுற்றறிக்கையாகத்தான்.

உதவி பெறும் நாடே முடிவெடுக்க வேண்டும் என்று 2005 பாரிஸ் பிரகடனத்தில் கொடுக்கும் நாடுகளே கையொப்பமிட்டன. அந்த உரிமை தலைநகரோடு நின்றுவிட்டால் கரவெட்டிக்கு என்ன பயன்?

நம்மவர் பணமும் விலக்கல்ல

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் குளிரில் நின்று உழைத்த காசை அனுப்புகிறார்கள். சில சங்கங்கள் தொண்டர் ஆசிரியர்களுக்கு மாதக் கொடுப்பனவு வழங்குகின்றன. அதுதான் நீண்ட நாள் பயன் தரும் வழி. ஆனால் பல இடங்களில் மண்டபமும் நுழைவாயிலும் முந்திக்கொள்கின்றன. பெரிய கல்லூரிக்குப் பெரிய சங்கம் இருக்கிறது. நூறு பிள்ளைகள்கூட இல்லாத ஆரம்பப் பாடசாலைக்கு லண்டனில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே கொடுப்பவர் உலக வங்கியாகட்டும், ஊர்ச் சங்கமாகட்டும், மூன்று விதிகளை வடமராட்சி வற்புறுத்த வேண்டும். கட்டடமோ கருவியோ தந்தால், அதன் பராமரிப்புக்கும் மின்கட்டணத்துக்கும் குறைந்தது பத்து வருடத்துக்கு வழி சொல்ல வேண்டும். பணத்தில் ஒரு பங்கு கற்பிக்கும் மனிதருக்குப் போக வேண்டும். எது தேவை என்ற பட்டியலை அதிபரும் ஆசிரியரும் பெற்றோரும் கூடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் முதலில் எழுத வேண்டும். கொடுப்பவர் அதிலிருந்து தெரிவு செய்யட்டும்.

இவற்றை ஏற்காத உதவியைப் பணிவாக மறுக்கும் துணிவும் நமக்கு வேண்டும். உதவி குறைந்துவரும் இந்த நாளில் அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. வருவது கொஞ்சம் என்றால், அதில் ஒரு ரூபாயையும் வீணாக்க நமக்கு உரிமை இல்லை.