குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம்

என் தம்பிக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம். அவன் மனைவிக்குத் தாயார் இல்லாததால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே. தினம் காலையில் அம்மா மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, பேரனைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். வீடே அங்கே கூடி நிற்கும். பெற்றவள் மட்டும் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

"பிள்ளையைக் குளிப்பாட்டறப்போ பெத்தவ பக்கத்துல இருக்க வேணாமா? என்ன பொண்ணோ!" என்று அம்மா முணுமுணுப்பாள். லீவுக்குப் போயிருந்த நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். "உனக்குக் குழந்தை மேல ஆசையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, மூஞ்சியில தண்ணி பட்டதும் அவன் ஒரு மூச்சு இழுக்கிறான் பாருங்க. என் தம்பியும் அப்படித்தான் இழுத்தான்" என்றாள்.

அவள் நாகப்பட்டினத்துப் பெண். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. கையைப் பிடித்திருந்த தம்பிக்கு ஆறு. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன நாள் அது. பெண் பார்த்தபோது, "ஒரு தம்பி இருந்து தவறிட்டான்" என்று ஒரு வரியில் சொன்னார்கள். நாங்களும் ஒரு வரியிலேயே கேட்டுக்கொண்டோம்.

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே, இன்னுமா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அவளை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

நம் மூளைக்குள் பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி இருக்கிறது. 'அமிக்டலா' என்று பெயர். ஆபத்து என்றால் முதலில் மணியடிப்பது அதுதான். உடனே சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை சில்லிடுகிறது. பல்லி மேலே விழுந்தாலே நமக்கு இதெல்லாம் நடக்கிறதே! பயந்த சம்பவம் மனசில் அழுத்தமாகப் பதிவதற்கும் இந்த அட்ரினலின் ஒரு காரணம்.

சில நிமிஷங்கள் கழித்து, அதே சுரப்பிகளிலிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது. உடம்புக்கு வேண்டிய சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றித் தருவது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, மூளைக்குப் போய் "ஆபத்து தீர்ந்தது, போதும்" என்று சொல்வது. பால் பொங்கி வரும்போது ஒரு கை தண்ணீர் தெளிக்கிறோமே, அந்த மாதிரி.

நிரந்தரப் பயத்தில் இருப்பவர்களுக்குக் கார்ட்டிசால் எக்கச்சக்கமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் வியட்நாம் போரிலிருந்து திரும்பி, இந்தக் கோளாறால் அவதிப்பட்ட அமெரிக்க வீரர்களை 1980-களில் பரிசோதித்தபோது அது குறைவாக இருந்தது. நியூயார்க்கின் ரேச்சல் யெஹூதா என்ற பெண் விஞ்ஞானி, ஹிட்லரின் முகாம்களில் தப்பிப் பிழைத்தவர்களிடமும் அதையே கண்டார். எல்லா ஆராய்ச்சியிலும் இதே விடை வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், தெளிக்க வேண்டிய தண்ணீர் போதாததால் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது என்பது அவர்கள் ஊகம்.

2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது அங்கே கர்ப்பிணிகளாக இருந்த 38 பேரையும், பிறகு அவர்கள் பெற்ற குழந்தைகளையும் யெஹூதா குழுவினர் பரிசோதித்தார்கள். இந்தக் கோளாறு வந்த தாய்மார்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் குறைவு. ஏறக்குறைய ஒரு வயதான அவர்கள் குழந்தைகளுக்கும் குறைவு! தம்பி மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ என் பிள்ளைக்கு?" என்றாள்.

"அளவு குறைஞ்சா வியாதின்னு அர்த்தமில்லேம்மா. அந்த அம்மாக்கள் வயித்தில பிள்ளையோட அந்த நாளைப் பார்த்தவங்க. நீ அப்போ பத்து வயசுக் குழந்தை" என்றார் டாக்டரம்மா. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாதாம். கெட்ட கனவு, திடுக்கிடுதல், அந்த நினைவு வரும் இடத்தைவிட்டு ஓடுதல் எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் வைத்தியரிடம் போக வேண்டும். கார்ட்டிசால் மாத்திரை வாங்கிப் போட்டால் தீராது, அது ஆபத்தும்கூட. பயந்த விஷயத்தைப் பக்குவமான ஒருவர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, நெருங்கிப் பழகுவதுதான் முக்கிய சிகிச்சை. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு; பால் கொடுக்கும் தாய் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற அரசாங்கத்தின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்டயா கூட்டிண்டு போனே?" என்று அம்மா முதலில் ஒரு பாட்டம் கத்தினாள். பால் பொங்குகிற கதையை அவளுக்கும் சொன்னேன். பதிலே இல்லை. மறுநாள் குளிப்பாட்டும்போது குழந்தையின் நெற்றியில் கையை அணையாக வைத்து, முகத்தில் தண்ணீர் வழியாமல் பின்பக்கமாக ஊற்றினாள்.

நாலு மாதமாக வைத்தியம் நடக்கிறது. முதலில் வாசற்படி வரை வந்து நின்றாள். பிறகு துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். போன வெள்ளிக்கிழமை, கடைசிச் சொம்பை அம்மா அவளிடம் நீட்டினாள். வாங்கி ஊற்றினாள். கை நடுங்கி, பாதித் தண்ணீர் அம்மாவின் புடவையில். பிள்ளை வழக்கம்போல வீல் என்று கத்தினான்.

"பரவால்ல, நாளைக்கு நீயே ஊத்து" என்றாள் அம்மா, புடவையைப் பிழிந்துகொண்டே.