உங்களுக்குத் தெரியுமா? விறகுக்குப் போகும் பலாத் துண்டு!

• கெலிஓயாவுக்கு அருகிலுள்ள எம்பக்க தேவாலயத்தின் மரச் செதுக்கல்கள் 14ஆம் நூற்றாண்டுக் கம்பளை இராசதானிக் காலத்தவை. அங்கே 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணைத்து நிற்கிறது.

• இலங்கையில் பலா மரத்தை அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பலாப் பலகை விலைகூடியதுதான். ஆனால் தளபாடப் பட்டறைகள் கழித்துப்போடும் குட்டைத் துண்டுகள் அகப்பையோ சிறு பெட்டியோ செதுக்கத் தாராளமாகப் போதும்.

• புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்படப் பழுப்பாகும்.

• வைரம் பாய்ந்த, முனை வெடிக்காத, நன்றாகக் காய்ந்த துண்டாகப் பொறுக்குங்கள். வெளிறிய ஓரப்பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும்.

• இத்துண்டுகள் அடுப்புக்குப் போகுமுன் பட்டறைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்!