குற்றிழையும் அதன் படலமும்

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் வட்டத்தைச் சார்ந்த தேவாலா, தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும் ஊர். அங்குத் தேயிலைச் சரிவுகளின் ஈரமான ஓரங்களில் பெரணிகள் செழிக்கின்றன. பெரணியின் ஆண் அணு நீரில் நீந்திச் சென்றே பெண் அணுவை அடைதல் வேண்டும். அதனை நீந்தச் செய்வன மயிரினும் நுண்ணிய இழைகளாம். பாடநூல்கள் இவற்றைக் குறுயிழை என்னும். குற்றுயிர் என்பது போலக் குற்றிழை என்றலே இலக்கணத்தோடு பொருந்தும். அருகே நிற்கும் தேயிலைச் செடியிலோ எவ்வுயிரணுவிலும் குற்றிழை இல்லை. பூக்குந் தாவரங்கள் அதனை இழந்துவிட்டன. தேயிலை கொய்யும் மாந்தருடலில் இருவகையும் உள. மூச்சுக்குழலில் உள்ளவை அசைவன. சிறுநீரகக் குழல் முதலிய இடங்களில் உயிரணுவிற்கு ஒன்றாய் நிற்பதோ அசையாதது; புறத்து நிகழ்வதை உணர்ந்து அகத்திற்கு அறிவிப்பது. இவ்வசையா இழையும் அதன் படலமும் எங்ஙனம் ஆக்கப்பெறுகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

பெரும்பாலும் உயிரணு பிரிதலை விட்டு ஓய்ந்திருக்குங்கால் இப்பணி தொடங்கும். இரு சென்ட்ரியோல்களுள் மூத்ததன் நுனியில் நுண்பைகள் வந்து பற்றி, ஒன்றாய் இணைந்து ஒரே பையாகும். அச்சென்ட்ரியோலினின்று ஒன்பது இரட்டை நுண்குழல்களாலாய தண்டு எழுந்து பையை அழுத்தும். காற்றுக் குறைந்த பந்தை விரலால் அழுத்தினாற்போல, பை உட்குழிந்து இரு சுவருடையதாகும். பின்னர் அது புறப்படலத்தோடு இணைந்து திறக்கும். அந்நிலையில் உட்சுவர் இழையின் படலமாகும். புறச்சுவர் அடியைச் சூழ்ந்த உறையாகும். 1962இல் சொரோக்கின் இம்முறையை மின்னணு நுண்ணோக்கி கொண்டு விளக்கினார். சிறுநீரகக் குழல் போன்றவற்றில் முறை வேறு. ஆங்குச் சென்ட்ரியோல் நேரே புறப்படலத்தை அடையும். இழை வெளிநோக்கி வளர, அப்படலமே அதனைப் போர்த்து நீளும்.

எம்முறையாயினும் இழையின் படலம் உயிரணுவின் புறப்படலத்தோடு தொடர்ச்சியுடையது. எனினும் அதனின் வேறானது. கொழுப்பும் புரதமும் இரண்டிலும் ஒத்திரா. இவ்வேறுபாட்டைக் காப்பது இழையின் அடியில் வாயில்போல் அமைந்த பகுதி. இழைக்குள் புரதங்களை ஆக்கும் ரைபோசோம்கள் இல்லை. வேண்டுவன யாவும் அவ்வாயில் வழியே நுழைதல் வேண்டும்; அவற்றுட் பல நுண்குழல்களின்மேல் ஊர்ந்து நுனியை அடையும். இப்போக்குவரத்து 1993இல் கிளமிடோமோனாசு என்னும் பாசியில் முதன்முதற் கண்டறியப்பட்டது. அதற்குரிய புரதமொன்று குறைவுற்று, சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் மல்கிய எலிகளில் சிறுநீரக இழைகள் குறுகியிருத்தல் 2000இல் அறியப்பட்டது. பயனற்ற எச்சம் என நெடுங்காலம் கருதப்பட்ட உறுப்பின் இன்றியமையாமை இதனால் தெளிவாயிற்று.

இனிப் பெயர் பற்றி ஒன்று. சொரோக்கின் 1968இல் நுரையீரலை ஆராய்ந்தபோது, அசையும் இழைகளுக்கு முன்னே தோன்றும் தனியிழையை வரிசை நோக்கியே பெயரிட்டார். தமிழில் 'முதன்மை' என்பது வரிசையினும் தலைமையையே மிகுதியும் உணர்த்தும். அசையும் இழைகள் தாழ்ந்தவை என மாணாக்கர் மயங்கவும் இடமாகும். ஆதலின் 'முதற்குற்றிழை' என்பதே ஏற்புடைத்து. ஒரு பொருள் ஆக்கம் பெறும் முறையை அறிந்த பின்னரே அதற்குரிய கலைச்சொல் பிழையின்றி அமையும் என்பது இதனாற் பெறப்படும்.