சித்தூர் கிராமத்துப் பள்ளி தமிழகத்துக்குத் தந்த பாடம்

சித்தூர், திருப்பதி என்றவுடன் தமிழர்களின் நினைவுக்கு வருபவை ஏழுமலையான் கோயிலும் வடக்கெல்லைப் போராட்டமும்தான். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டன. எல்லைக்கோடு வரையப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மாவட்டத்திலிருந்து ஒரு செல்வம் சத்தமில்லாமல் தமிழகம் வந்து சேர்ந்தது. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் லட்சக்கணக்கான குழந்தைகள் பயின்ற "செயல்வழிக் கற்றல்" முறைதான் அது. அதன் பிறப்பிடம் ரிஷி வேலி.

திருப்பதியிலிருந்து மேற்கே பீலேரு, வாயல்பாடு வழியாகச் செல்லும் சாலை மதனப்பள்ளியை அடைகிறது. அந்நகருக்கு அப்பால், பாறைக் குன்றுகள் சூழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது ரிஷி வேலி பள்ளி. ஆண்டாண்டு காலமாகச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022ஆம் ஆண்டு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது அன்னமய்யா மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது.

கிண்டியிலிருந்து சென்ற பள்ளி

மதனப்பள்ளிக்கும் கல்விக்கும் உள்ள உறவு பழமையானது. அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் 1915ஆம் ஆண்டு இங்கு பிரம்மஞான சபையின் கல்லூரி தொடங்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு இக்கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் ரவீந்திரநாத் தாகூர் "ஜன கண மன" பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

தத்துவ அறிஞர் ஜே.கிருஷ்ணமூர்த்தி 1895ஆம் ஆண்டு பிறந்ததும் இதே மதனப்பள்ளியில்தான். உலக குருவாக வருவார் என்று பிரம்மஞான சபையினரால் எதிர்பார்க்கப்பட்ட அவர், தமக்காக அமைக்கப்பட்ட இயக்கத்தை 1929ஆம் ஆண்டு தாமே கலைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கல்வி நிலையம் ஒன்றை அமைப்பதற்காகப் பெரிய ஆலமரம் ஒன்று நின்ற இப்பள்ளத்தாக்கை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். 1931ஆம் ஆண்டு, சென்னை கிண்டியில் இயங்கிவந்த பிரம்மஞான சபையின் பள்ளி இங்கு இடம்பெயர்ந்தது. ஜி.வி.சுப்பாராவ் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆக, பின்னாளில் தமிழகத்துக்குப் பாடம் சொன்ன இப்பள்ளியின் வேரும் சென்னையில்தான் இருந்தது.

ஆண்களும் பெண்களும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிப்பது நம் நாட்டில் அரிதாக இருந்த காலத்தில் இருபாலர் உறைவிடப் பள்ளியாக அது வளர்ந்தது. 1950களில் எஃப்.கார்டன் பியர்ஸ், அவருக்குப் பின் எஸ்.பாலசுந்தரம் ஆகியோர் முதல்வர்களாக இருந்து பள்ளியை நிலைநிறுத்தினர். இந்தியா வரும்போதெல்லாம் இங்கு வந்து மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் உரையாடுவதைக் கிருஷ்ணமூர்த்தி வழக்கமாகக் கொண்டிருந்தார். மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1985ஆம் ஆண்டின் இறுதியிலும் அவர் இங்கு வந்திருந்தார்.

மாலை நேர மௌனம்

பரிசும் தண்டனையும் கற்றலைக் கெடுக்கும், ஒரு குழந்தையை மற்றொரு குழந்தையோடு ஒப்பிடுவது இருவருக்கும் தீங்கு என்பவை கிருஷ்ணமூர்த்தி வலியுறுத்திய கருத்துகள். இப்பள்ளியின் மரபுகள் இவற்றிலிருந்தே பிறந்தவை. நாள் பாட்டோடு தொடங்குகிறது. மாலையில் மாணவர்கள் திறந்த வெளியில் அமர்ந்து, சூரியன் மலைகளுக்குப் பின்னால் மறைவதை மௌனமாகப் பார்க்கின்றனர். "அஸ்தாசல்" எனப்படும் இவ்வழக்கத்தில் பூஜையும் இல்லை, பிரசங்கமும் இல்லை.

வறண்டு கிடந்த குன்றுகளில் மரம் வளர்ப்பதும் பள்ளி வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று. 1991ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கு பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற அரிய பறவையை இங்கு காணலாம்.

இவையெல்லாம் கட்டணம் செலுத்திப் படிக்க வசதி உள்ள சில நூறு மாணவர்களுக்குக் கிடைத்தவை. வேலிக்கு வெளியே இருந்த கிராமங்களின் குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. அக்கேள்விக்குப் பள்ளி தேடிய விடைதான் அதன் வரலாற்றின் முக்கிய அத்தியாயம்.

ஓராசிரியர் பள்ளியில் புரட்சி

1980களின் பிற்பகுதியில், பத்மநாப ராவ், ரமா தம்பதியினர் ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையப் பொறுப்பை ஏற்றனர். இப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவரும், பின்னர் 1972ஆம் ஆண்டு கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் பள்ளியைத் தொடங்கியவருமான டேவிட் ஹார்ஸ்பர்க்கின் சிந்தனைகள் அவர்களுக்கு வழிகாட்டின.

சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் சிறு பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஒரு பள்ளிக்கு ஓர் அறை, ஓர் ஆசிரியர். ஐந்து வகுப்புக் குழந்தைகளும் ஒன்றாக அமர்வர். விதைப்புக்கும் அறுவடைக்கும் சில நாள் வராமல் போகும் குழந்தை, திரும்பி வரும்போது பாடம் வெகுதூரம் போயிருக்கும். அதுவே பள்ளியை விட்டு நிற்கக் காரணமாகும்.

இதற்குத் தீர்வாகப் பாடநூல் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகள் படிப்படியாக ஏறும் "ஏணி"யில் வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படியை அறிந்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யாரும் "தோல்வி" அடைவதில்லை. உள்ளூர்க் கதைகளும் பாடல்களும் தெலுங்குப் பாடங்களாயின. குழந்தைகள் பொருள்களை எடை போட்டும் அளந்தும் ஊர் மக்களுக்குக் காட்டும் "மெட்ரிக் மேளா" நடத்தப்பட்டது. ஓராசிரியர் பள்ளியின் பலவீனம் எனக் கருதப்பட்ட பல வகுப்புக் கலப்பே, மூத்த குழந்தை இளைய குழந்தைக்குச் சொல்லித்தரும் பலமாக மாறியது.

சென்னை கண்ட மாற்றம்

1990களில் கர்நாடகம் இம்முறையைத் தழுவி "நலி கலி" திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் முன்முயற்சி எடுத்தார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குச் சென்று பயிற்சி பெற்றனர். 2003ஆம் ஆண்டு 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முயற்சி, 2007-08ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவடைந்தது. ஆசிரியரின் நாற்காலியும் மேசையும் பின்னுக்குப் போயின. குழந்தைகள் எழுதும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகையும், அவர்களின் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தலும் வந்தன.

எதிர்ப்பும் எழுந்தது. வேலைப்பளு கூடியதாக ஆசிரியர் அமைப்புகள் கூறின. பாடநூலும் வீட்டுப்பாடமும் காணோமே எனப் பெற்றோர் கவலைப்பட்டனர். மேலிருந்து வந்த உத்தரவாகவே பல இடங்களில் இம்முறை பார்க்கப்பட்டது. பிந்தைய ஆண்டுகளில் அது எளிமைப்படுத்தப்பட்டு, படிப்படியாக மங்கியது. ஆயினும், 2022ஆம் ஆண்டு தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டம் குழந்தைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்ததில் அதே சிந்தனையின் சாயலைக் காணலாம்.

ரிஷி வேலியில் ஆசிரியர்கள் பல ஆண்டுகள் குழந்தைகளோடு அமர்ந்து அட்டைகளை உருவாக்கினர், திருத்தினர். அரசுப் பள்ளிகளுக்குச் சென்றடைந்தவை பெரும்பாலும் அச்சிட்டு முடிந்த அட்டைகளே. கருவி வந்த அளவுக்கு, அதை உருவாக்கிய சுதந்திரம் ஆசிரியர்களுக்கு வரவில்லை.

இன்றைய கேள்வி

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன. இவற்றின் எண்ணிக்கையில் ஆந்திரமே முதலிடத்தில் உள்ளது. தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரு ஆசிரியர்கள் வேண்டும் எனக் கூறும் கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டே நிறைவேறியும் இதுதான் நிலை.

சிறு பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு இணைப்பதே தீர்வு என அரசுகள் கருதுகின்றன. 2022ஆம் ஆண்டு ஆந்திர அரசு 3 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாற்றத் தொடங்கியது. கடும் எதிர்ப்புக்கு ஆளான அந்த அரசாணை, ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2025ஆம் ஆண்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளின் எதிர்காலம் குறித்துத் தமிழகத்திலும் விவாதம் ஓயவில்லை.

ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு ரிஷி வேலியின் அனுபவத்தை யாரும் சாக்காகக் காட்ட இயலாது. அதே நேரத்தில், சிறிய பள்ளி என்பதாலேயே அது தரமற்ற பள்ளி ஆகிவிடாது என்பதை அச்சிற்றூர்கள் நிரூபித்தன. பயிற்சி பெற்ற ஆசிரியரும், தக்க கருவியும், ஊராரின் துணையும் இருந்தால் வீட்டருகே உள்ள ஓரறைப் பள்ளியும் குழந்தையைக் கரையேற்றும். பள்ளிகளை மூடும் கோப்பில் கையெழுத்திடும் முன், அதிகாரிகள் திருப்பதி சாலையில் சற்று மேற்கே சென்று பார்த்துவருவது நல்லது.