காய்ச்சலென்று வந்தவரிடம் ஆட்டைப் பற்றி ஏன் கேட்கிறோம்?

வீட்டில் ஆடு மாடு உண்டா? அண்மையில் ஏதேனும் குட்டி ஈன்றதா? மீன் ஆயும்போது கையில் முள் குத்தியதா? வாரக்கணக்கில் நீடித்த காய்ச்சலோடு இதயப் பிரிவில் படுத்திருப்பவரிடம் நாங்கள் இவ்வாறு கேட்கும்போது, உடனிருக்கும் உறவினர் திகைப்பது இயல்பே. இடையஞ்சாவடியிலிருந்து வடக்கே மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள ஊர்களில் கால்நடை வளர்ப்போரும் மீன் விற்போரும் உப்பளத்தில் உழைப்போரும் வாழ்கின்றனர். ஆதலால் இக்கேள்விகளின் காரணத்தை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

இதயத்தின் நான்கு வால்வுகளும் இரத்தம் ஒரே திசையில் செல்லும்படி திறந்து மூடும் கதவுகள். இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் சிதைந்த வால்விலும், பிறவிக் குறையுள்ள வால்விலும், அறுவையில் பொருத்திய செயற்கை வால்விலும், இரத்தத்தில் புகுந்த கிருமி எளிதில் ஒட்டிக்கொள்ளும். கிருமியும் உறைந்த இரத்தமும் அங்கே சேர்ந்து திரளும். அத்திரள் வால்வைத் துளைக்கலாம். அதன் துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரலாம். பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த 1940களுக்கு முன் இந்நோயிலிருந்து மீண்டவர் மிகச் சிலரே.

எக்கோ பரிசோதனை திரளைக் காட்டும். அதிலுள்ள கிருமி எதுவென்று காட்டாது. அதனை அறிய, இரத்தத்தை ஊட்டப்பொருள் உள்ள குப்பிகளில் இட்டு வளர்த்துப் பார்க்கிறோம். வழக்கமான கிருமிகள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். ஆனால் நோயாளி முன்னரே சில நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை உட்கொண்டிருந்தால், வால்வில் உள்ள கிருமி பிழைத்திருக்கும்போதே குப்பி வெறுமையாக இருந்துவிடலாம். ஆகவேதான் முதல் ஊசிக்கு முன்பே, வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை இரத்தம் எடுக்கிறோம். "இவ்வளவு இரத்தமா?" என்று உறவினர் கலங்குவதுண்டு. மூன்று முறையும் சேர்த்து ஏறத்தாழ 60 மில்லிலிட்டர்தான். இரத்ததானம் செய்பவர் ஒரே வேளையில் 350 மில்லிலிட்டர் தருகிறார்.

மாத்திரை எதுவும் உட்கொள்ளாதவரிடமும் குப்பி வெறுமையாக இருப்பதுண்டு. கியூ காய்ச்சலின் கிருமி அத்தகையது. 1935இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளரிடையே பரவிய காய்ச்சலுக்குக் காரணம் விளங்காமையால், எட்வர்ட் டெரிக் என்னும் மருத்துவர் அதற்கு 'கேள்விக்குரிய காய்ச்சல்' என்ற பொருளில் அப்பெயரிட்டார். பிற்பாடு கண்டறியப்பட்ட கோக்சியெல்லா என்னும் அக்கிருமி உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும். ஆதலால் வழக்கமான குப்பியில் வளராது. ஆடு மாடு ஈனும்போது வெளிப்படும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் அது மிகுந்திருக்கும். அவை உலர்ந்து எழும் தூசியை உள்ளிழுத்தாலே தொற்றும். இதனை இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப்பொருளின் அளவால் அறிகிறோம். அறுவையில் வால்வை அகற்ற நேர்ந்தால், அத்திசுவிலேயே கிருமியின் மரபணுவைத் தேடலாம். ஆனால் எதிர்ப்புப்பொருள் சோதனை வழக்கமானவற்றுள் ஒன்றன்று. எவரேனும் ஐயுற்றுக் கேட்டாலொழிய அது செய்யப்படுவதில்லை. ஆட்டைப் பற்றிய கேள்வி அங்கேதான் பயன்படுகிறது.

மீன் முள்ளைப் பற்றிய கேள்விக்குக் காரணம் வேறு. எரிசிபெலோத்ரிக்ஸ் என்னும் கிருமி மீனின் மேலுள்ள வழவழப்பில், மீனுக்குத் தீங்கின்றி வாழ்கிறது. முள் குத்திய விரலில் ஊதா நிற வீக்கத்தையும் கடும் வலியையும் உண்டாக்கும்; பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். அரிதாக இரத்தத்தில் கலந்து, பெருந்தமனி வால்வைத் தாக்கும். கிருமி எதுவென்று தெரியாதபோது மருத்துவர் முதலில் தொடங்கும் மருந்துகளுள் வான்கோமைசின் ஒன்று. வலிமை மிக்க அம்மருந்துக்கு இக்கிருமி இயல்பிலேயே கட்டுப்படாது; பழைய பெனிசிலினுக்கோ எளிதில் அடங்கும். விரல் வீங்கியதைச் சொல்லாமல் விட்டால் இழப்பது, வால்வைக் காக்க வேண்டிய நாட்களை.

பெரும்பாலான வால்வுத் தொற்றுகளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் மருந்து போதும். கியூ காய்ச்சல் வால்வைப் பற்றினால் டாக்சிசைக்ளின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகிய இரண்டையும் குறைந்தது 18 மாதம் உட்கொள்ள வேண்டும்; செயற்கை வால்வாயின் 24 மாதம். காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, உடல் தேறிய பின்னும் ஓராண்டுக்கு மேல் மாத்திரை விழுங்குவது எளிதன்று என்பதை அறிவோம். உப்பளத் தொழிலாளிக்கு மற்றொரு துன்பமும் உண்டு: டாக்சிசைக்ளின் உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும். மேலே சூரியன், கீழே உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் ஒளி. முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணிவதோடு, இயலுமாயின் நண்பகல் வேலையை மாற்றிக் கேட்பது நல்லது. முதலாளியிடம் காட்ட மருத்துவச் சான்று வேண்டுமானால் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். மற்ற மருந்து விழித்திரையைத் தாக்கக்கூடும்; கண் பரிசோதனைக்கு அழைக்கும் நாளைத் தவறவிட வேண்டாம்.

வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால், கடையில் மாத்திரை வாங்காமல் நேரே வாருங்கள். முன்னரே ஏதேனும் உட்கொண்டிருந்தால் கண்டிப்போம் என்று அஞ்சி மறைக்க வேண்டா. வெற்று மாத்திரை அட்டையாயினும் கையோடு கொண்டு வாருங்கள்.